டேப்புக்குத் தனிப்பந்தி

சேரன்மகாதேவிக்குக் கல்விப் புதுமை புதிதல்ல. 1920களில் வ.வே.சு. ஐயர் இங்கே குருகுலம் நடத்தினார். சாதி பார்த்துப் பிள்ளைகளில் சிலருக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும் மாகாணமே கொதித்தது. இன்று நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து காலைக் கிச்சடி சாப்பிடுகிறார்கள். தனிப்பந்தி டேப்புக்கு மட்டும்தான்: பூட்டிய பீரோவுக்குள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று 101.48 கோடி ரூபாயில் வாங்கிய 79,723 கைக்கணினிகளில் ஒன்று அந்த டேப். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, இரவல் நகையோடு கல்யாணத்துக்குப் போனவளின் பதற்றம் எனக்கு. கீழே விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ?

2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி, எட்டு வயதுக்குள் பிள்ளை வாசிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, செயலியில் தேர்வும் வைக்கிறோம். விடை தெரிந்த பையன் திரையைத் தொடுவான், அது அசையாது. கிச்சடி தின்ற விரல்! "கையைத் தொடச்சிட்டு வாலே" என்று அனுப்பினால், அடுத்தவன் அதற்குள் எங்கேயோ தட்டி மலரை அரும்பாக்கியிருப்பான்.

அடுத்தது நெட். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் வழி சொன்னாள்: "டீச்சர், ஆட்டுக்கொட்டில் பக்கம் வாங்க. எங்கண்ணன் அங்கன நின்னுதான் கேம் வெளயாடுவான்." கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு இப்போது அங்கிருந்துதான் ஏறுகிறது. பெயர் வாசித்தால் ஆடும் "உள்ளேன்" என்கிறது.

ஆனாலும் டேப்பைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடைக் காட்டினால் பாட்டு ஓடும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை கூடச் சேர்ந்து பாடும். 'ழ' வராதவனுக்குப் பத்தாவது தடவையும் அது முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுக்கும். எனக்கு மூன்றாவதிலேயே குரல் ஏறிவிடும். சிக்கல் என்னவென்றால், பாட்டுக்காக வெளியே எடுப்பதைவிட, யார் வந்தார்கள், யார் சாப்பிட்டார்கள், எந்தப் படிவம் பாக்கி என்று பதிவதற்குத்தான் அதை அதிகம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கென்று வந்த சாமான், பிள்ளைகளைப் பற்றி மேலே சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அதிகாரிகளே, கேட்கிற விவரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அந்த நேரம் டேப் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். திரையில் ஒரு கீறல் விழுந்தால் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பாதீர்கள்.