சாண்டல்–பிஸ்கட் வேற்றுமை: ஹால் சுவரை முன்வைத்து ஓர் ஆய்வு

சாண்டல் நிறமும் பிஸ்கட் நிறமும் ஒன்றே என்பது காசு கொடுப்பவர் கட்சி. வேறு வேறு, அதுவும் கண்ணுள்ள எவருக்கும் தெரியும் என்பது நாள் முழுக்க அந்த ஹாலில் இருப்பவர் கட்சி. 'காஞ்சா எல்லாம் சரியாத்தான் இருக்கும் சார்' என்னும் பெயின்டர் இரண்டையும் கடந்த ஞானி; அவர் வாக்கு இவ்வாய்வில் சேராது.

முதற்கட்சியை மறுக்கும் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1942இல் டேவிட் மெக்காடம் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரே ஒருவர் 25,000 முறைக்கு மேல் நிறத்தோடு நிறம் பொருத்திப் பார்த்தார். இது மிகை என்பவர் ஷேடு கார்டும் கையுமாகப் பெயின்ட் கடையில் ஒரு மாலை நின்றதில்லை. 'இது வேறு' என்று கண் சொல்லும் எல்லை, நிற வரைபடத்தில் வட்டமாக அமையாமல் நீள்வட்டமாக அமைந்தது. அதாவது நிறம் ஒரு பக்கம் நகர்ந்தால் உடனே தெரியும்; இன்னொரு பக்கம் நகர்ந்தால் மெல்லத்தான் தெரியும். சாண்டல் எந்தப் பக்கமாக பிஸ்கட்டாகிறது என்பதே வீட்டுச் சண்டையின் மூலம் என்க.

இனிச் சுவர். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு மாதிரிகள். ஈரத்தில் வெளிறியிருந்தவை காய்ந்ததும் ஒரு படி கூடின. கிழக்கு ஜன்னல் வெயிலில் சாண்டல் மஞ்சளித்தது, பிஸ்கட் பழுப்பேறியது. 6500 கெல்வின் டியூப்லைட்டில் இரண்டுக்குமே சோகை. 2700 கெல்வின் பல்பில் முதற்கட்சி வென்றது. ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு மேலே ஏறுவதால், முழங்கால் உயரம் வரை சாண்டலும் பிஸ்கட்டே. இவற்றினும் பெரிய குற்றவாளி, சுவரில் ஏற்கெனவே இருந்த பழைய பிஸ்தா பச்சை. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் திரித்துக் காட்டும் என்று பாரிஸின் கோப்லான் சாயப் பட்டறையில் இருந்த ஷெவ்ரல் 1839இலேயே நூல் எழுதிவிட்டார். பச்சைக்கு நடுவே எதை அடித்தாலும் சற்றுச் சிவந்தே தெரியும். மாதிரியை வெள்ளைப் பிரைமர் மேல் அடியுங்கள் என்றால் கேட்பவர் யார்?

கடைசியில் தீர்ப்புச் சொன்னது கடை மிஷின். வெள்ளை பேஸில் சில துளி நிறமி சொட்டி, டப்பாவைக் குலுக்கிவிட்டது. கலந்த பெயின்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், கட்சிகள் கலைந்தன. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரைதான் வேற்றுமை. ஒன்று சுவர் முழுக்க ஏறிவிட்டால் மற்றதைத் தேடுவாரில்லை. டப்பா மூடியில் ஒட்டிய சீட்டைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்க. ஆணி ஓட்டைக்கு டச்சப் செய்யும் நாளில், அடித்தது சாண்டலா பிஸ்கட்டா என்று இரு கட்சியாருக்கும் நினைவிருக்காது.