ஐஓ என்றொரு அழகான வால்

கொட்டாஞ்சேனையில் இப்போது கொம்பனி தொடங்க முதலில் வேண்டியது சரக்கல்ல, டொமைன். ஜம்பட்டா வீதியில் மேல்மாடி அறை ஒன்று, இரண்டு லப்டொப், ஆளுக்கொரு பிளேன்டீ. விற்கப்போவது என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. பெயருக்கு மட்டும் டொலரில் காசு கட்டியாயிற்று. பெயரிலிருந்த உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, மிஞ்சியதற்குப் பின்னால் டொட் ஐஓ என்று ஒரு வால். பல்லைப் பார்த்து மாடு வாங்கிய காலம் போய், வாலைப் பார்த்து வாங்கும் முதலீட்டாளர் காலம் இது. 2019இல் வொய்ஸ் டொட் கொம் என்ற வெறும் பெயர் 3 கோடி டொலருக்கு விலைபோனது. அந்தப் பெயரில் திறந்த கடை 2023இல் மூடப்பட்டது.

சரி, அந்த வால் யாருடையது என்று தம்பிமார் விசாரித்ததுண்டா? பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலத்தினுடையது. 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்களைப் பிரித்தானியர் அடியோடு கிளப்பிவிட்டு, டியேகோ கார்சியாத் தீவை அமெரிக்கப் படைத்தளத்துக்குக் கொடுத்தார்கள். அந்த மக்கள் வளர்த்த நாய்களையும் விட்டுவைக்கவில்லை, புகையூட்டிக் கொன்றார்கள். சொந்தக்காரரைத் துரத்திய அந்த மண்ணுக்கு 1997இல் இணையத்தில் விலாசம் கிடைத்தது. குடியிருந்தவர்களுக்குத்தான் விலாசமில்லை.

2021 ஒக்டோபரில், கனடா போகப் புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த நம் தமிழர்களைப் பிரித்தானியக் கடற்படை கொண்டுபோய் இறக்கியதும் அதே தீவில்தான். வேலிக்குள் கூடாரம், கூடாரத்துக்குள் எலி, எலியோடு குழந்தைகள். மூன்று வருடம்! பெரும்பாலானோரை 2024 டிசம்பரில்தான் பிரித்தானியாவுக்கு எடுத்தார்கள். அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 83 ஜூலைக் கலவரத்தைக் கண்ட வீட்டுப் பிள்ளை, தன் சனத்தை அடைத்துவைத்த தீவின் வாலைக் காசு கொடுத்து வாங்கி, விசிட்டிங் கார்டில் பொன்னெழுத்தில் அச்சடிக்கிறான். இதற்குப் பெயர் பிராண்டிங்.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் விலாசம் 2010இலிருந்து நமக்கு இருக்கிறது. அதில் கடை திறக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பிலும் நியாயம் உண்டு: தமிழ் விலாசத்தைத் தட்டினால் எத்தனையோ இணையப் படிவங்கள் 'பிழை' என்று சிவப்பில் காட்டி விரட்டுகின்றன. 1987இல் அரசகரும மொழியான தமிழுக்குப் பொலிஸ் நிலையத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: பெயருக்கு உண்டு, பாவனைக்கு இல்லை.

ஆனால் தம்பி, அந்தப் படிவத்துக்குக் கோட் எழுதுவது அமைச்சர் அல்ல, நீங்கள்தான். முதலில் உங்கள் சொந்தத் தளத்தில் தமிழ் விலாசம் ஒன்றைத் தட்டிப் பாருங்கள். அது ஏற்காவிட்டால் இன்றிரவே திருத்துங்கள். பிறகு வங்கிக்கும் அமைச்சுக்கும் எழுத்தில் முறையிடலாம்.