கேட்டுக்கொண்டே இருப்பவர்

காங்கிரஸ் வேட்பாளர் என்றதும் கதர்ச் சட்டையும் கோஷ்டிப் பூசலும் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் குற்றமல்ல. ஆனால் இவர் வேறு ஆள். அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்கே காங்கிரஸ் என்றுதான் பெயர். அதில் பிரதிநிதிகள் சபை என்று ஒன்று, 435 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆயுள் இரண்டே வருஷம். ஜெயித்து, பதவியேற்று, நாற்காலி சூடாவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். ஆகவே இரண்டு கோடைக்கு ஒரு கோடை இவருக்குக் கோடையே கிடையாது.

நான் சொல்லும் ஆசாமி அயோவா மாநிலத்தைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம். கட்சியும் வேண்டாம், ஏனென்றால் இரண்டு கட்சியிலும் இவர் இருக்கிறார், அதே சட்டையில். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கை சரியாக இரண்டு மடிப்பு. ஒரு மடிப்பு மடித்தால் வக்கீல் மாதிரி இருக்கும். மூன்று மடித்தால் நிஜமாகவே வேலை செய்ய வந்தவர் என்று நினைத்து யாராவது வைக்கோல் கட்டைத் தூக்கச் சொல்லிவிடுவார்கள். ஜீன்ஸ் பழசு, பூட்ஸ் மட்டும் புதுசு. அதில் கொஞ்சம் மண் ஒட்டவேண்டுமே என்று காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் தார்ச்சாலையை விட்டுப் புல்லில் இறங்கி நடப்பார்.

ஜூன் முதல் வாரத்தில் உட்கட்சித் தேர்தல் முடிகிறது. அதில் ஜெயித்த மறுநாள் காலை முதல் அவருக்கு ஒரே தொழில்: கேட்பது. தமிழில் இந்த ஒரு சொல் போதும். ஓட்டுக் கேட்கலாம், பணம் கேட்கலாம், ஜனங்களின் குறையையும் கேட்கலாம். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் வேறு வேறு சொற்கள். அதனால்தானோ என்னவோ, அவருடைய நாளும் வேறு வேறாகப் பிளந்து கிடக்கிறது. வெளியே மரத்தடியில் அவர் காதால் கேட்பவர். உள்ளே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், வாயால் கேட்பவர்.

முதலில் அந்த அறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போஸ்டரில் அது வராது. பிரசார அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, எதிரே இருபத்துமூன்று வயதில் ஒரு பெண். அவள்தான் எண்ணை அழுத்துவாள். அழுத்திவிட்டு ஒரு தாளை நீட்டுவாள். அதில் கொடையாளியின் பெயர், மனைவி பெயர், நாய் பெயர், போன தடவை யாருக்கு எவ்வளவு கொடுத்தார், இந்தத் தடவை எவ்வளவு கேட்கவேண்டும் என்பதெல்லாம் இருக்கும். இதற்குக் ‘கால் டைம்’ என்று பெயர். தமிழ்க் காதுக்குக் கால் பங்கு நேரம் என்று கேட்கும். உண்மையில் அரைப் பங்குக்குக் குறையாது. ஜெயித்தால் விடுதலை என்றும் நினைக்கவேண்டாம். புதிதாக ஜெயித்து வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்குக் கட்சி வகுத்துக் கொடுத்த மாதிரித் தினசரி அட்டவணை ஒன்று 2013-இல் பத்திரிகையில் வெளியானது. அதில் பணம் கேட்டுத் தொலைபேசுவதற்கு மட்டும் நாளுக்கு 4 மணி நேரம்.

இந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: தொகையைச் சொல், சொன்னதும் வாயை மூடு. முதலில் பேசுகிறவன் தோற்றான். “மூவாயிரத்து ஐந்நூறு டாலர் உங்களால் முடியுமா?” என்று கேட்டுவிட்டு நம்மவர் மௌனமாகிறார். 2025-26 தேர்தல் சுற்றில் தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு அதுதான். எதிர்முனையில் பல் டாக்டர் பெருமூச்சு விடுகிறார். ஒரு முழுக் கோடையில் நம்மவர் வாயைத் திறக்காமல் இருக்கும் நேரமெல்லாம் இந்தப் பத்துப் பத்து விநாடிகள்தாம்.

யாரிடம் கேட்பது? முதல் பட்டியல் சொந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். பிறகு கல்லூரி அறைத்தோழர்கள், முன்னாள் முதலாளி, முன்னாள் முதலாளியின் முன்னாள் மனைவி. மொத்தம் 200 டாலரைத் தாண்டிக் கொடுத்தவர் என்றால் அவர் பெயர், ஊர், தொழில், எங்கே வேலை என்பதுவரை தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதாவது, அசல் மொய் நோட்டு. நம் ஊரில் சித்தப்பா மட்டும் புரட்டிப் பார்ப்பார்; அங்கே எதிர்க்கட்சிக்காரன் புரட்டிப் பார்க்கிறான். ஜூன் 30-ஆம் தேதி நள்ளிரவோடு காலாண்டுக் கணக்கு மூடுவதால், அன்றைக்கு மட்டும் நம்மவர் பெயரில் போகும் மின்னஞ்சல்கள் தந்தி பாஷையில் இருக்கும். காலையில் ‘உங்களை நம்பியிருக்கிறேன்’. மதியம் ‘மனம் உடைந்துவிட்டது’. இரவு பதினொன்றரைக்கு ‘இதுதான் கடைசி’. மறுநாள் காலை பத்து மணிக்கு ‘நன்றி, இன்னும் ஒரே ஒரு விஷயம்’.

இதையெல்லாம் மேடையில் சொல்லமுடியாது. மேடையில் சொல்ல அவரிடம் ஒரு கதை இருக்கிறது. பத்து வருஷம் சபாநாயகராக இருந்த டிப் ஓ’நீல் தம் சுயசரிதையில் எழுதியது. 1935-இல் அவர் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரசபைக்கு நின்றபோது எதிர்வீட்டு அம்மாள் சொன்னாராம்: நீ என்னிடம் ஓட்டுக் கேட்கவே இல்லை, இருந்தாலும் போடுகிறேன். சின்ன வயதிலிருந்து உங்கள் வீட்டுப் புல்லை வெட்டியவன், வாசலில் பனியை வாரியவன் நான், கேட்கவேறு வேண்டுமா என்றார் ஓ’நீல். கேட்டால்தான் மனுஷர்களுக்குப் பிடிக்கும் என்றார் அந்த அம்மாள். அந்தத் தேர்தலில் ஓ’நீல் தோற்றார். நம்மவர் இந்தக் கதையை ஜூனில் ஆரம்பித்து எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவருகிறார். ஆகஸ்டில் அந்த அம்மாள் கிட்டத்தட்ட அவருடைய சொந்தப் பாட்டியாகிவிட்டிருப்பார்.

ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தைப் பார்க்காதவர்கள் அமெரிக்க ஜனநாயகத்தைப் பார்க்காதவர்கள். மூவாயிரம் பேர் இருக்கும் ஊரில், ஒரே ஒரு பெரிய தெருவில், முதலில் தீயணைப்பு வண்டி, பிறகு பள்ளிக்கூட பேண்டு, பிறகு பச்சை டிராக்டர்கள், பிறகு குதிரைகள், குதிரைக்குப் பின்னால் நம்மவர். ஊர்வலத்தில் யாருக்குப் பின்னால் யார் என்பதைத் தீர்மானிப்பவர் எந்தக் கட்சி என்பதை இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நம்மவர் நேராக நடக்கமாட்டார். இடதுபக்கம் ஓடி நாலு கை, வலதுபக்கம் ஓடி நாலு கை, நடுவில் குதிரை விட்டுச் சென்றதைத் தாண்டி ஒரு குதி. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக அவர் ஓடும் தூரம் ஊர்வலத்தைப்போல மூன்று மடங்கு. பின்னால் தொண்டர்கள் கைநிறைய மிட்டாயை வாரி இறைக்கிறார்கள். பொறுக்குபவர்களில் பெரும்பாலோர் ஓட்டுரிமைக்குப் பத்து வருஷம் பாக்கி உள்ளவர்கள். போதாததற்கு, அந்த ஊர் இருப்பது தொகுதியின் கடைசிக் கவுண்டியின், நம் ஊர்க் கணக்கில் மாவட்டத்தின், ஓரத்தில். அயோவாவில் கவுண்டியை உடைக்காமல்தான் தொகுதி பிரிப்பார்கள்; ஆகவே சாலையைத் தாண்டினால் அடுத்த தொகுதி. ஊர்வலம் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி அந்தப் பக்கத்து ஜனம். அவர்களும் சிரித்துக் கைகொடுத்து, “அவசியம் உங்களுக்குத்தான்” என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

ஜூலை நாலுக்குள் மக்காச்சோளம் முழங்காலுக்கு வந்துவிட்டால் விளைச்சலுக்குப் பழுதில்லை என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. இன்றைய விதைக்கு அது பெரும்பாலும் ஆள் உயரம் நிற்கிறது. விஷயம் தெரியாத வேட்பாளர் “அட, முழங்காலைத் தாண்டிவிட்டதே!” என்று வியந்தால் விவசாயிகள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மற்றபடி கொள்கை விளக்கத்துக்கு அதிகம் சிரமமில்லை. அந்தச் சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். எத்தனால் வேண்டாம் என்று அயோவாவில் ஓட்டுக் கேட்பது, திருநெல்வேலியில் நின்று அல்வா உடம்புக்கு ஆகாது என்று பேசுவதற்குச் சமம். ஆகவே எத்தனால், ராணுவ வீரர்கள், அம்மா ஆகிய மூன்றையும் இரு கட்சி வேட்பாளர்களும் சம உறுதியோடு ஆதரிக்கிறார்கள்.

ஆகஸ்டில் மாநிலச் சந்தை. 1854-இல் தொடங்கியது, பதினோரு நாளில் பத்து லட்சம் பேர் வந்து போகிறார்கள். வெண்ணெயில் ஆளுயரப் பசு செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரில் வைத்திருப்பார்கள். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வது வேட்பாளருக்குக் குலதெய்வ வழிபாடு மாதிரி. அடுத்து பன்றி வளர்ப்போர் சங்கத்தின் கூடாரம். அயோவாவில் மனிதர்கள் 32 லட்சம்; பன்றிகள் 2 கோடிக்கும் மேல். ஓட்டு மனிதர்களுக்குத்தான் என்றாலும் பெரும்பான்மையை மதிக்கவேண்டுமல்லவா? நம்மவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, புகை கண்ணில் ஏற, அடுப்பில் இறைச்சித் துண்டுகளைப் புரட்டுகிறார். புரட்டும்போது இடுக்கியைப் பார்க்கக்கூடாது, கேமராவையும் பார்க்கக்கூடாது. பக்கத்தில் நிற்கும் விவசாயியைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். சட்டைக்கையை இரண்டு மடிப்பு மடித்ததன் பலன் அப்போதுதான் தெரியும்.

பன்றியை லேசாக எண்ணிவிடவேண்டாம். 2014-இல் மேல்சபையான செனட்டில் அயோவாவின் இடத்துக்கு நின்றார் புரூஸ் பிரேலி. எட்டு வருஷமாகப் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர், தொழிலால் வக்கீல். டெக்சஸில் வக்கீல்களிடம் பணம் கேட்கும் கூட்டமொன்றில், தம் மாநிலத்து மூத்த செனட்டர் சக் கிராஸ்லியைச் சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத அயோவா விவசாயி என்ற தொனியில் சொல்லிவைத்தார். வீடியோ வெளியே வந்துவிட்டது. எதிர்த்து நின்ற ஜோனி எர்ன்ஸ்டோ, பண்ணையில் பன்றிக்குக் காயடித்து வளர்ந்தவள், வாஷிங்டனில் வீண்செலவை வெட்டுவது எனக்குப் புதிதல்ல என்று விளம்பரம் போட்டார். ஜெயித்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? பணம் கேட்கும் அறையில் பேசியது மரத்தடிக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயோவாக்காரர்கள் இதைவிடப் பெரிய உதாரணம் தேடமாட்டார்கள்.

வீடியோ என்றதும் அந்தப் பையனைப் பற்றியும் சொல்லவேண்டும். எதிர்க்கட்சி அனுப்பிய பையன். கையில் கேமரா. நம்மவர் போகும் இடமெல்லாம் பத்தடி தூரத்தில் நிற்பான், பேசமாட்டான், அவர் உளறக் காத்திருப்பான். 2006 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் ஜார்ஜ் ஆலன் என்ற செனட்டர், தம்மைத் தொடர்ந்து வந்த இந்திய வம்சாவளி மாணவனைக் கூட்டத்துக்கு நடுவே சுட்டிக்காட்டிக் குரங்கினப் பெயர் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முன்னணியில் இருந்தவர் நவம்பரில் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கில் கவிழ்ந்தார். அதிலிருந்து நம்மவர்கள் இந்தப் பையன்களிடம் மிகுந்த பிரியமாக இருக்கிறார்கள். “தம்பி, வெயில் ஜாஸ்தியா இருக்கே, தண்ணி குடிக்கிறியா?” கோடை முழுக்க அவர் பேச்சை முழுசாகக் கேட்பவன் அவன் ஒருவன்தான். ஓ’நீல் கதையை அவனும் தப்பில்லாமல் சொல்வான்.

மாலை நாலு மணிக்கு மேல் வீடு வீடாகப் போகவேண்டும். கையில் ஒரு செயலி. எந்தக் கதவைத் தட்டலாம், தட்டினால் யாரைக் கூப்பிடலாம் என்று அது சொல்லும். இந்த வீட்டில் மனைவி மட்டும் பட்டியலில் உண்டு என்றால் கதவைத் திறந்த புருஷனிடம், “அம்மா இருக்காங்களா?” என்று கேட்டு நிற்கவேண்டும். அந்த மனிதர் மேலும் கீழும் பார்க்கும் பார்வையை எந்தச் செயலியும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டில் ஆளில்லை என்றால் துண்டுப் பிரசுரத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரவும் முடியாது. தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். சட்டம் இயற்றப் போகிறவரே அதை மீறலாமா? கதவுக் குமிழில் மாட்டிவிட்டு, நாய் குரைக்கும் முன் இறங்கிவிடுவார்.

இவ்வளவும் எதற்கு என்று சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான், 2020 முடிவைப் பார்க்கும்வரை. அயோவாவின் இரண்டாவது தொகுதியில் அந்த வருஷம் ஏறத்தாழ 4 லட்சம் ஓட்டுப் பதிவாயிற்று. மறு எண்ணிக்கைக்குப் பிறகு மரியானெட் மில்லர்-மீக்ஸ் ஜெயித்த வித்தியாசம் 6 ஓட்டு. அதே தொகுதியில் 2008, 2010, 2014 என்று மூன்று தடவை தோற்றுவிட்டு நாலாவது தடவை கேட்டவர் அவர். ஆறு ஓட்டு என்பது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அன்றிலிருந்து அந்த மாநிலத்தில் எந்த வேட்பாளரும் எந்த நாயைப் பார்த்தும் பின்வாங்குவதில்லை.

வீட்டு வாசல் புல்வெளியில் நடும் பெயர்ப்பலகை தனிப் புராணம். நம் ஊர்ச் சுவரொட்டி மாதிரி முகமெல்லாம் பெரும்பாலும் இருக்காது, பெயர் மட்டும்தான். குட்டிப் பெயர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இல்லினாயில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி 2016-இல் ஜெயித்தார். ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து. நல்லவேளை, முன்பாதி ராஜா. நம்மவருக்கு அந்தக் கஷ்டமில்லை. நாலெழுத்துப் பெயர், கொட்டை எழுத்தில், ஊரெல்லாம் நட்டாயிற்று. சொந்த வீட்டு வாசலில் நடத்தான் ஆகஸ்டு கடைசிவரை நேரம் கிடைக்கவில்லை. அதையும் ஒரு நாள் யாரோ தொண்டர் வந்து நட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். மறுநாள் குப்பை வண்டி வரும் நாள்.

“தொட்டியை நீங்க வெளியில வைக்கிறீங்களா, நான் வைக்கட்டுமா?” என்று கேட்டார் மனைவி.

“ரொம்ப முக்கியமான கேள்வி,” என்றார் நம்மவர், அவர் கையை இரண்டு கையாலும் பற்றி. “தொகுதி முழுக்க எங்கே போனாலும் குடும்பங்கள் என்கிட்ட கேக்கறது இதைத்தான்.”

மனைவி கையை விடுவித்துக்கொண்டு, தொட்டியைத் தாமே இழுத்துப்போய்த் தெருவோரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

“எதிர்வீட்டம்மா நின்னுட்டிருந்தாங்க,” என்றார். “நம்ம புல்வெளியில பலகை நட்டிருக்கே, அந்த ஆள் யாருன்னு கேட்டாங்க.”