புகைப்பட விழாவும் கண்ணாடியில் தெரியும் வயிறும்

நகர்தழுவிய புகைப்பட விழா என்பது ஒரே கூரையின்கீழ் அடங்காத கண்காட்சி. பிரான்சின் ஆர்ல் நகரில் புகைப்படக் கலைஞர் லூசியன் கிளெர்க்கும் நண்பர்களும் 1970இல் தொடங்கியது இவ்வகையில் மூத்தது. அங்கே பழைய தேவாலயங்களில் படங்கள் மாட்டப்படும். ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் இரவில் திரையிடப்படும். டாக்காவின் சோபி மேளா, படங்களை ரிக்‌ஷா வண்டிகளில் ஏற்றித் தெருவுக்கே அனுப்பியிருக்கிறது. சென்னை போட்டோ பினாலே 2016இல் தொடங்கியது.

இடத்தேர்வுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொதுமக்கள் சாதாரண நாளில் நுழைய முடியாத கட்டடம். மற்றது, நுழைந்தாலும் நிற்க நேரமில்லாத இடம். சென்னையில் முதலாவதற்குக் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1879இல் கட்டி முடிந்த செனட் ஹவுஸ். இரண்டாவதற்குப் பறக்கும் ரயில் நிலையங்கள். எழும்பூர் கவின்கலைக் கல்லூரி இரண்டிலும் சேராது: உள்ளே போகலாம், போகலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

காட்சிக்கு வைக்கப்படும் படங்கள் எதைப் பற்றியவை என்பது கடைசிப் பகுதியில் விளக்கப்படும். அதற்குமுன் பார்வையாளர்.

பார்வையாளர் படத்தின்முன் வந்ததும் செய்யும் முதல் காரியம் அதைப் படம் எடுப்பது. பார்ப்பது பிறகு, வீட்டில், சாவகாசமாக. அந்தச் சாவகாசம் எந்த வீட்டுக்கும் வந்ததாகத் தகவல் இல்லை.

இங்கே கண்ணாடியின் இயல்பைச் சொல்ல வேண்டும். சட்டத்தில் போடும் சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன்பக்கம் 4, பின்பக்கம் 4. வெளிச்சமான படத்தில் இது அற்பம். கலைஞர் ராத்திரி முழுக்க விழித்து எடுத்த கறுப்பு வெள்ளை இருட்டில் இந்த 8 சதவீதம்தான் ராஜா. ஆகவே போனில் பதிவாகிறவை: எதிர்ச்சுவர் டியூப்லைட், 'வெளியே' என்ற பலகை, போனைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள், கைகளுக்குக் கீழே வயிறு. முகம் விழாது; போன் மறைத்துவிடும். வயிற்றை மறைக்க எந்த நிறுவனமும் இன்னும் போன் தயாரிக்கவில்லை.

விவரமானவர் பக்கவாட்டில் நகர்வார். விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பது பள்ளிக்கூடப் பாடம். வலப்பக்கம் நகர்ந்தால் வயிறு போய் ஜன்னல் வரும். இடப்பக்கம் நகர்ந்தால் ஜன்னல் போய்க் காவலாளி வருவார். குனிந்தால் காவலாளி போய் மின்விசிறி வரும். இதற்குள் சட்டம் கோணிக்கொண்டு சரிவகமாகிவிடும். அதை நேராக்கப் போனிலேயே வசதி உண்டு. நேராக்கினால் மின்விசிறி அகலமாகும். எதிரொளிப்பை 1 சதவீதத்துக்கும் கீழே இறக்கும் அருங்காட்சியகக் கண்ணாடி விற்கிறது. விலையைக் கேட்டவர்கள் சாதாரணக் கண்ணாடியே வாங்குகிறார்கள். கண்ணாடியே இல்லாமலும் மாட்டலாம். மாட்டினால் தொட்டுப் பார்ப்பார்கள், அதுவும் முறுக்கு தின்ற விரலால்.

கலைஞர் புஷ்பமாலா என். பொறுப்பில் நடந்த 2019 சென்னை பினாலேயின் தலைப்பிலும் கண்ணாடிகள் இருந்தன. அது தற்செயல்.

இத்தனையும் நடந்து முடியும்வரை பின்னால் நிற்பவருக்குக் கிடைப்பது முதுகு. கட்டம் போட்ட சட்டை முதுகு, பை தொங்கும் முதுகு, குனிந்து நிமிரும் முதுகு. தொண்டையைச் செருமினால் முதுகு திரும்பி, "ஒரு நிமிஷம் சார், ரிஃப்ளெக்‌ஷன் வருது" என்கிறது. அனுமதி இலவசம் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

சிலர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று தம்மையே எடுத்துக்கொள்வார்கள். இவர்களால் தொல்லை குறைவு, சீக்கிரம் முடித்துவிடுவார்கள்.

சுவர்க்குறிப்பு என்பது படத்துக்குப் பக்கத்தில், படத்தைவிடப் பெரிதாக ஒட்டப்படும் விளக்கம். அதை முழுதாகப் படிப்பவர் அரிது. அதையும் போனில் எடுத்துக்கொள்வதே வழக்கம். 2024 டிசம்பரில் தொடங்கிய நான்காம் சென்னை பினாலே, படம் எடுப்பது எதற்கு என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது. அந்தப் பலகையையும் படம் எடுக்கலாம், தடையில்லை.

விழா முடிந்ததும் சட்டங்கள் கழற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும். போனுக்குள் போனவை மின்கட்டண ரசீதுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் நடுவே சில மாதம் கிடக்கும். இடம் போதவில்லை என்று போன் முறையிடும் நாளில் முதலில் அழிக்கப்படுபவை இவைதான். கல்யாண வீட்டில் எடுத்த சாப்பாட்டு இலை தப்பிவிடும்.