கண்டல் சேர்

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையாகட்டும், மேற்கே படுவான்கரையாகட்டும், மட்டக்களப்பில் நாலு ஊருக்கு ஒரு கண்டல் சேர் இருக்கிறார், வாவிச் சேற்றில் கண்டல் மரம் நட்டுப் பட்டம் வாங்குகிறவர். ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர், இன்னொருவர் கூட்டுறவுச் சங்கத்து முன்னாள் முகாமையாளர். அழைப்பிதழில் இவர்களின் பெயரைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் வரியில் சாமஸ்ரீ, தேசகீர்த்தி. அடுத்ததில் கண்டல் காவலர், வாவி வேந்தர். அதற்கடுத்து அகில இலங்கை சமாதான நீதவான். கீழே இடம் மிஞ்சினால் தாய் தகப்பன் வைத்த பெயர்.

சேரின் ஆண்டு ஜூன் 5இல் பிறக்கிறது. 1972இல் ஸ்டொக்ஹோமில் சுற்றாடல் மாநாடு தொடங்கிய நாள் என்பதால் அது உலக சுற்றாடல் தினமாயிற்று. அந்த மாநாட்டில் மட்டக்களப்பின் காலநிலையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே அது கச்சான் காற்று முகத்தைச் சுடுகிற காலம். வாவி வற்றி, கரை வெளியே நீண்டு கிடக்கும். சேருக்கு அதுவே வசதி. கண்டல் நடுகைக்குச் சப்பாத்து நனையாமல் அதிதிகளை இறக்கலாம். மாரி பிறந்து, முகத்துவாரம் வாய் திறக்கும்வரை அதே இடம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் என்பது மார்கழிப் பிரச்சினை. மார்கழியில் விழா கிடையாது.

ஒன்பது மணிக்கென்று அச்சடித்த நடுகை விழாவுக்குப் பிரதம அதிதி பதினொன்றரைக்கு வருவார். அதுவரை பாடசாலைச் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று வெயில் குடிப்பார்கள். சேற்றுக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே சிவப்புக் கம்பளம். கம்பளத்தின் முடிவில் கறுப்புப் பொலித்தீன் பைக்குள் ஒரேயொரு கண்டல் கன்று. அதைப் பிடிக்க அத்தனை பேரும் கை நீட்டுவதில், பின்னால் நிற்கிற கௌரவ அதிதி முன்னால் நிற்பவரின் முழங்கையைத்தான் நடுகிறார். படம் ஒரு முறை, விடியோவுக்கு இன்னொரு முறை. பையைக் கழற்றாமலே கன்று மண்ணுக்குள் போனது படத்தில் தெரியாது.

இத்தனை உபசாரமும் கண்டல் கேட்டதல்ல. அதன் வித்து தாய்மரத்தில் தொங்கியபடியே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு, விழுந்த சேற்றிலேயே குத்தி நின்றுகொள்ளும். இல்லாவிட்டால் மிதந்துபோய்ப் பிடித்த கரையில் வேர்விடும். பிரதம அதிதி இல்லாமலே அது யுகம் யுகமாகச் சமாளித்து வந்திருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெல்லாம் கண்டல் நடுகை ஒரு திருவிழாவாக நடந்தது. அதன் கணக்கை ருகுண பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். போய்ப் பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட முயன்றதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறியிருந்தது. பிழையான இடத்தில் நட்டது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது, மாடு மிதித்தது என்று காரணங்களும் எழுதியிருந்தார்கள். இதை நான் சேரிடம் வாசித்துக் காட்டியபோது அவர் துளியும் கலங்கவில்லை.

"தம்பி, போன வருஷத்துக் கன்றெல்லாம் தப்பியிருந்தா இந்த வருஷம் நட எங்க இடம்?"

2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீளமைப்பை ஐக்கிய நாடுகள் சபை அந்த ஆண்டின் ஏழு உலக முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. பழைய பிழைகளிலிருந்து பாடம் படித்து, இடம் பார்த்து நடுவதற்குக் கிடைத்த மதிப்பு அது. அந்த மாதம் முடியுமுன்னரே சேரின் கடிதத் தலைப்பில் 'ஐ.நா. புகழ்' ஏறிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது. யுத்த காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரக் கண்டலை வெட்டிச் சாய்த்தபோது பற்றைக்காடு போயிற்று என்று பெருமூச்சு விட்ட ஊர் இது. இன்று சின்னப் பிள்ளைகூடக் கண்டல் என்று சொல்கிறதென்றால் சேரின் ஒலிபெருக்கிக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பங்குக்கு ஒரு பொன்னாடை தாராளமாகத் தகும். சேரிடம் ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது.

சில பொன்னாடை தானாக வந்தது. சிலதுக்கு 'ஏற்பாட்டுச் செலவுக்குச் சிறு பங்களிப்பு' என்று கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அலுமாரி நிரம்பி வழிந்ததை மனிசி வெட்டித் தைத்து யன்னல் சீலையாக்கினார், தையல் மெஷினுக்கு உறை போட்டார், பேரனுக்கு ஏணை கட்டினார். அந்த வீட்டில் மீள்சுழற்சி செய்கிற ஒரே ஆள் அவர். அவருக்கு இன்னும் யாரும் விருது கொடுக்கவில்லை.

சேர் எழுத்தாளரும்கூட. வாவியைப் பற்றிய நூலின் வெளியீட்டில் முதற்பிரதியை வாங்கியவர் இரும்புக்கடை முதலாளி. நயவுரை ஒன்றரை மணித்தியாலம். நூலில் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாமே 'கொக்கினம்' என்ற ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. கல்லடிப் பாலத்தடியில் பாடுகிற மீனுக்கு மட்டும் மூன்று அத்தியாயம். இயற்கையை எழுத இன்னொரு வழியும் உண்டு. சென்னையில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர் 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் காடும் பறவையும் பற்றி விடாமல் பத்தி எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்த பின்னும் அணிலைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். சேருக்கு இதைச் சொன்னேன். "நாப்பத்தாறு வருஷத்துக்கு ஒரு பத்மஸ்ரீதானா?" என்று உண்மையாகவே இரங்கினார்.

கண்டலை அழித்து எழுந்த இறால் பண்ணையின் திறப்பு விழாவிலும் சேர் விசேட அதிதி. கண்டல் விழாவுக்கு உடுத்த அதே பட்டு வேட்டி. கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டு நாகப்பட்டினத்தில், கிருஷ்ணம்மாள் என்பவரும் கணவர் ஜெகந்நாதனும் இறால் பண்ணைகளுக்கு எதிராக மக்களைத் திரட்டினார்கள். 1996இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பும் வாங்கினார்கள். 2008இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவர்களைத் தேடிப் போனது. ஒரே இறால்தான், அங்கே வழக்காடியவர்களுக்கு விருது. இங்கே நாடா வெட்டினாலும் நினைவுச்சின்னம் உண்டு.

இப்போது சேரின் கண்ணில் மண்முனைப் பக்கத்து அத்தாங்கு வலைக்காரர் ஒருவர் பட்டிருக்கிறார். தன் தோணித் துறைக்கருகே கண்ணாவும் கிண்ணையுமாகக் கண்டல் தானாக முளைத்த இடத்தைச் சுற்றி, முள்ளுக்கம்பும் பழைய வலையும் கட்டி மாடு வராமல் மறித்திருக்கிறார். நாலைந்து வருடத்தில் அது ஆளுயரத்துக்கு மேலே போய்விட்டது. அடியில் இறால் குஞ்சு கொதிக்கிறது. சேர் அந்தப் பச்சையின் முன் நின்று படம் எடுத்தார். வேலிக்காரரைக் கொஞ்சம் அங்கால விலகச் சொன்னார். பிறகு மனம் கேட்கவில்லை போலும்.

"உனக்கும் ஒரு விருது எடுத்துத் தரட்டா?"

"விருது என்னத்துக்குக்கா சேர்? உங்கட பொன்னாடையில பழசு ரெண்டு இருந்தாத் தாங்க. வேலியில கட்டினா மாடு மினுக்கத்துக்கு வெருண்டு கிறுகிப் போகும். மறுகா நான் பார்த்துக்கொள்ளுறன்."

சேர் அலுமாரியைத் திறந்து, யோசித்து யோசித்து இரண்டைத் தெரிவு செய்துவிட்டார். கையளிப்பு விழா அடுத்த மாதம். பிரதம அதிதிதான் இன்னும் முடிவாகவில்லை.