பதினோராம் எண் கூண்டு

என் மச்சினன் யூடியூபில் பார்ப்பதெல்லாம் ஒரே வகை வீடியோ. வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பாய்மரப் படகில் கரீபியன் கடலில் மிதப்பார்கள். புயல் சீசன் வந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு தெற்கே கிரெனடா தீவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் புயல் வராது என்று ஐதீகம். 2004-ல் ஐவன் புயலுக்கு அந்த ஐதீகம் தெரியவில்லை. நேரே கிரெனடாவுக்கே வந்து, ஒதுங்கி நின்ற படகுகளை நூற்றுக்கணக்கில் நொறுக்கிவிட்டது. சொன்னால் கேட்டால்தானே! "அவனுக்குக் கரீபியன்னா நமக்கு ராயபுரம், மாமா" என்றான்.

பாய்மரம் கற்க இங்கே இடமில்லாமல் இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. துறைமுகத்தை உருப்படியாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் தொடங்கியது. அங்கே போனால் முறையாகக் கற்றுக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மச்சினன் காசிமேட்டுக்குப் போனான். ஒரு பெரியவர் அகப்பட்டார். அவரிடம் ஃபைபர் படகும், கட்டுமரக் காலத்துப் பாயில் எலி கடித்தது போக மிச்சமும் இருந்தன.

"பாய்ல எண்ணூர் போவணுமா? அப்ப இந்த இன்ஜின் இன்னாத்துக்கு கீது?" என்றார். ஆனாலும் பழைய பாயை விரித்துப் பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்தது.

அது 2024 கார்த்திகையின் முதல் வாரம். வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, எண்ணூரும் வடக்கே. எதிர்க்காற்றில் பாய் நேராகப் போகாது. கொஞ்சம் கிழக்கே, கொஞ்சம் மேற்கே என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு வளைவிலும் பாயின் கழி எங்கள் தலைக்கு மேல் வீசும். "குந்து நைனா!" என்பார் பெரியவர். குந்துவோம். வெகுநேரம் குந்தி எழுந்து பார்த்தால், மீன்பிடித் துறைமுகத்தின் அதே கல் சுவர், வேறு கோணத்தில் தெரிந்தது.

கரீபியனில் புயல் வந்தால் ஏதாவது ஒரு விரிகுடாவில் புகுந்துகொள்ளலாம். எங்கள் கரையில் எதற்குள் புகுவது? துறைமுகம் கட்டியபோது, வடக்கு நோக்கி நகர்கிற மணலை அதன் கைகள் மறித்துவிட்டன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. அவர்களுக்கு சுண்டல், எங்களுக்கு அரிப்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை காக்கக் கொட்டிய கருங்கல்தான். படகை ஏற்றினால் விறகாகத்தான் எடுக்க வேண்டும். திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுக வேலை அப்போது முடியவில்லை. அதைத் தாண்டினால் எண்ணூர் முகத்துவாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி, அங்கே படகும் வலையும் கறுத்துப்போன கதை ஊரறிந்தது.

"புயல் வந்தா பெரிய கப்பல் இன்னா பண்ணும், நைனா?" என்று மச்சினன் கேட்டான்.

"வெளிய ஓடிடும்."

உண்மைதான். பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் நின்றால் கயிறு அறுந்து சுவரில் இடிக்கும் என்று ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்னப் படகு உள்ளே ஓடிவர வேண்டும். நாங்கள் எந்த ஜாதி என்பதில் மச்சினனுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது.

பெரியவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார், மேகத்தை வைத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார். தெற்கே வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகப்போகிறதாம். "திரும்பு" என்றார். வாடை இப்போது முதுகுக்குப் பின்னால். ஏறுவதற்கு ஆன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, கரைக்கு வந்துவிட்டோம். இதை மச்சினன் இன்றும் 'புயலிலிருந்து தப்பினோம்' என்று சொல்கிறான். அந்தப் புயல் அப்போது பிறக்கவே இல்லை.

பிறந்து ஃபெஞ்சல் ஆனதும் அது எங்களைவிட மோசமாக வளைந்து வளைந்து வந்தது. புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், கடைசியில் ஆகியே விட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த வாரம் முழுக்க டிவியில் கூண்டு, கூண்டு என்றே பேச்சு.

இந்தக் கூண்டு விவகாரத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். கம்பத்தில் பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கும் ஏற்றுவார்கள். 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மிரட்டல். 5 என்றால் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்கும், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் நம் தலைமேலேயே. 8, 9, 10-ம் இதே வரிசைதான், புயல் மட்டும் கடுமையானது. இதற்கெல்லாம் மேலே 11-க்கு என்ன பயங்கரம் வைத்திருப்பார்கள் என்று பார்த்தால், வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டதாம். உள்ளூர் அதிகாரிக்கு நிலைமை மோசமாகத் தோன்றுகிறதாம். அவ்வளவுதான். மச்சினனோடு கிளம்பிய நிமிடத்திலிருந்து எனக்கு 11-ஆம் எண் கூண்டு ஏறியிருந்தது.

உங்களில் யாருக்காவது பாய்மர ஆசை இருந்தால் தை பிறந்ததும் சொல்லுங்கள், மச்சினனை அனுப்பிவைக்கிறேன். திருப்பி அனுப்ப அவசரமில்லை.