குமுளியில் பாஸ்போர்ட்

1947 ஜூன் 11ஆம் தேதி திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஓர் அறிவிப்பு விட்டார். வெள்ளைக்காரன் கிளம்பியதும் திருவிதாங்கூர் தனி நாடாம். அது மட்டும் நிலைத்திருந்தால், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜெயமங்கலத்துக்காரர் லோயர் கேம்ப் மலையேறி, குமுளியில் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு நின்றிருக்க வேண்டும். ரேஷன் கார்டையே மடித்து மடித்துக் கந்தலாக்கிய பரம்பரை நாம். பாஸ்போர்ட் என்ன பாடு பட்டிருக்குமோ!

அதைவிடப் பெரிய வில்லங்கம் தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கு நெல்லுக்கு உயிர் பெரியாறு அணை. அணை நிற்கும் மண்ணோ திருவிதாங்கூருடையது. 1886இல் மகாராஜாவிடம் வெள்ளைக்கார சர்க்கார் 999 வருஷக் குத்தகை எழுதி வாங்கியது. வருஷத்துக்குச் சுமார் 40,000 ரூபாய். தென்னந்தோப்பை மூன்று வருஷக் குத்தகைக்கு விடவே நாலு பேரிடம் யோசனை கேட்கிற ஊர்க்காரர்கள் நாம். மகாராஜாவுக்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியவில்லை.

சர் சி.பி. ஒன்றும் வேற்றூர் ஆள் இல்லை. சென்னை சர்க்காரில் சட்ட மெம்பராக இருந்து மேட்டூருக்கும் பைக்காராவுக்கும் வழி பண்ணிய தமிழர்தான். திருவனந்தபுரம் போனதும் எதிர்த்தரப்பு வக்கீலாகிவிட்டார். குத்தகைத் தண்ணீர் பாசனத்துக்கு மட்டும்தான், மின்சாரம் எடுக்கச் சென்னைக்கு உரிமையில்லை என்ற தீர்ப்பு 1941இல் அவர் பக்கம் வந்தது. அப்பேர்ப்பட்டவர் தனி நாட்டை ஆண்டால் மதகு எந்த லட்சணத்தில் திறந்திருக்கும்?

டெல்லியில் சுதந்திர சர்க்கார் இன்னும் பிறக்கவே இல்லை. அதற்குள் சமஸ்தானத் துறை பிறந்துவிட்டது. மந்திரி படேல், செயலாளர் ஒற்றப்பாலத்து வி.பி. மேனன். ராஜாக்களிடம் இருவரும் கேட்டது மூன்றே மூன்று: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. மிச்சமெல்லாம் உங்களுக்கே என்றார்கள். திண்ணையில் ஒண்ட இடம் கேட்டவர் இரண்டே வருஷத்தில் வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்ட கதைதான். 1949 ஜூலையில் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்து வெறும் மாநிலமாகிவிட்டது.

சர் சி.பி. மட்டும் முதலில் மசியவில்லை. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு கச்சேரிக்குப் போனவரை மறைந்திருந்த ஒருவர் வெட்டினார். காயத்தோடு தப்பினார். அந்த வாரமே, இந்தியாவோடு சேர மகாராஜாவின் சம்மதம் டெல்லிக்குப் போனது. படேலின் இரும்புக் கரத்தைப் புகழாத புத்தகம் இல்லை. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததில் ஒரு வெட்டுக்கத்திக்கும் பங்குண்டு என்பதை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 15 வந்தது. நேருவோடு சேர்த்து 14 மந்திரிகள். வாழ்நாளெல்லாம் காங்கிரஸைக் கிழித்த அம்பேத்கர் சட்டத்துக்கு. இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி தொழிலுக்கு. நிதிக்கோ கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பழைய ஜஸ்டிஸ் கட்சிக்காரர். தேர்தலில் எதிர்த்தவர்களை எல்லாம் பந்தியில் உட்கார வைக்கிற துணிச்சல் இப்போது எந்தக் கட்சிக்கு வரும்? செட்டியார் நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட் போட்டார். வரவு 171 கோடி, செலவு 197 கோடி. செலவில் ஏறக்குறையப் பாதி ராணுவத்துக்கு. தேசம் நடை பழகும்போதே துண்டு விழுந்துவிட்டது. மறு வருஷம் ஆகஸ்டில், வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் காணாமல் போன தகராறில், அவரும் போய்விட்டார். பின்னாலேயே முகர்ஜி, ஜான் மத்தாய், அம்பேத்கர் என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இத்தனை ராஜாக்களை மடக்கிய சர்க்காரால் அரிசியை மடக்க முடியவில்லை. 1947 டிசம்பரில் உணவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். விலை கூரையைப் பிய்த்தது. அடுத்த வருஷமே மறுபடி கட்டுப்பாடு. 1951க்குப் பிறகு வெளிநாட்டுத் தானியமே வாங்கமாட்டோம் என்று நேரு சொன்னார். அதே 1951இல் அமெரிக்காவிடம் கோதுமைக் கடன். களியும் சோறும் தின்ற வயிற்றுக்குக் கோதுமை!

அரசியல் சட்டத்துக்கு ஒன்றரை வயது நிரம்பும் முன்பே முதல் திருத்தமும் வந்தது. இரண்டு காரணங்கள் சென்னையிலிருந்தே போயின. இட ஒதுக்கீடு தந்த வகுப்புவாரி ஆணையைக் கோர்ட் ரத்து செய்தது. பெரியார் தெருவில் இறங்கினார். 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னை சர்க்கார் போட்ட தடையும் கோர்ட்டில் தோற்றது. ஒரே திருத்தத்தில் இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றினார்கள், பேச்சுரிமைக்கும் கத்தரி போட்டார்கள். புகழ்வதா திட்டுவதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை.

ஆனால் முதல் பொதுத் தேர்தலைப் புகழாமல் தீராது. 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதில் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியது. வடக்கே 'இன்னார் சம்சாரம்' என்று மட்டும் சொன்ன பெண்களால் பட்டியலிலிருந்து சுமார் 28 லட்சம் பெயர் அடிபட்டது. காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. உழவனுக்கு இதைவிடத் தோதான சின்னம் உண்டா? இருந்தும் சென்னை ராஜதானியில் 375 இடங்களில் 152தான் கிடைத்தது. காளையைப் பார்த்து இளகிய மனசு ரேஷன் அரிசியை நினைத்ததும் கல்லாகிவிட்டது போலும். தேர்தலில் நிற்காமலே முதல்வரான ராஜாஜி, 1952 ஜூனில் முதல் காரியமாக அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

பெரியாற்றுக் குத்தகையை மட்டும் டெல்லி தீர்த்து வைக்கவில்லை. 1970இல்தான் வாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ஆனது. நீர்மட்டம் 142 அடி வரை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லி, 2014இல் மறுபடியும் சொன்னது. குத்தகையில் இன்னும் எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் பாக்கி.